விடுதிச் சாவி யார் கையில்?

ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்திலே, ஓங்கி உயர்ந்ததோர் வளைவு. வளைவின் மீது பொன்னெழுத்தில் ஒரு பெயர். பெயரின் இறுதியில் 'பல்கலைக்கழகம்' எனும் பெருமைமிகு சொல். உள்ளே சென்றால் பூந்தோட்டம், நீரூற்று, கண்ணாடி மாளிகை! வரவேற்பறையிலே வழவழப்பான தாளில் அச்சிட்ட ஏடொன்றைக் கையிலே தருகிறார்கள். மகனை அழைத்து வந்த தகப்பனார் புரட்டிப் பார்க்கிறார். நூலகம் பற்றி அரைப் பக்கம். ஆசிரியர்களைப் பற்றி அதனினும் குறைவு. 'மாணவர் வாழ்வும் வளாகச் சேவைகளும்' என்ற தலைப்பிலோ பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள்! குளிரூட்டிய அறை, மூன்று வேளை உணவு, துணி வெளுப்பு, உடற்பயிற்சிக் கூடம், பேருந்து, மருத்துவர், இரவும் பகலும் காவல். அத்தனையும் சேவையாம்!

சேவை என்ற சொல் நாம் அறியாததல்ல. கோடையிலே தண்ணீர்ப் பந்தல் வைத்தவன் சேவை செய்தான். குடித்தவனிடம் விலை கேட்டானில்லை. வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டியவன் சேவை செய்தான். படுத்தவனிடம் வாடகை கேட்டானில்லை. இங்கேயோ, சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு. தொகையைக் கட்டத் தவறினால் தண்டம் உண்டு. தண்டத்தையும் கட்டாவிடில் தேர்வுக் கூடத்தின் கதவே சாத்தப்படும். விலைக்கு விற்பதை வியாபாரம் என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். சேவை என்று சொல்லி நம் செவியில் பூச்சுற்ற வேண்டாம்!

"என்ன ஐயா, உலகத்திலே எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, விடுதிச் சோற்றைப் பற்றியா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை?" என்று கேட்கத் தோன்றும் சிலருக்கு. கேட்கட்டும். ஒரு மாணவன் வகுப்பறையில் இருப்பது நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், மிஞ்சினால் ஏழு மணி நேரம். எஞ்சிய பதினேழு மணி நேரமும் அவன் இருப்பது விடுதியிலே, உணவுக் கூடத்திலே, அந்தச் சுற்றுச்சுவருக்குள்ளே. அவன் தட்டிலே விழும் சோறும், அவன் தலை சாய்க்கும் கட்டிலும் எவர் கையில் இருக்கின்றனவோ, அவர் கையிலேதான் அவனுடைய நாவும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றே. மற்றவை இதற்கு விளக்கம்.

வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதல்ல. 1916ஆம் ஆண்டு, சென்னை திருவல்லிக்கேணியிலே டாக்டர் சி. நடேசனார் 'திராவிடர் இல்லம்' என்று ஒரு மாணவர் விடுதியைத் தொடங்கினார். ஏன் தொடங்கினார்? சென்னையில் கல்லூரி இருந்தது. கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் வெளியூரிலிருந்து வந்த பார்ப்பனரல்லாத மாணவன் உண்ணவும் உறங்கவும் ஓர் இடமின்றித் தவித்தான். படிக்க இடம் தந்துவிட்டுப் படுக்க இடம் மறுத்தால், தந்த இடத்தால் யாது பயன்? அதை உணர்ந்தவர் நடேசனார். மேடையோடு நில்லாமல் விடுதி அமைத்தார். அடுப்பு மூட்டுவதும் அரசியல் என்று அறிந்திருந்தார்.

1924, 1925 ஆண்டுகளிலே சேரன்மாதேவி குருகுலத்தைக் குறித்துத் தமிழகமே கொதித்தெழுந்ததே, எதற்காக? அங்கே சொல்லித்தந்த பாடத்துக்காகவா? இல்லை. தேசியக் கல்வி புகட்ட ஏற்பட்ட நிலையம் அது. பொதுமக்களின் பணமும் காங்கிரசின் பணமும் சேர்ந்து வளர்த்த நிலையம். அங்கே உணவு வேளையிலே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி! பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போர்க்கொடி உயர்த்தியது அந்தப் பந்தியை எதிர்த்துத்தான். வகுப்பறையிலே வாய் நிறையச் சமத்துவம் பேசியவர்களின் உள்ளத்தை உணவுக் கூடம் காட்டிக் கொடுத்துவிட்டது!

1943ஆம் ஆண்டு, குடந்தை அரசினர் கல்லூரி விடுதியிலே இரண்டு தண்ணீர்ப் பானைகள். ஒன்று பார்ப்பன மாணவருக்கு, மற்றொன்று ஏனையோருக்கு. ஒரே வகுப்பிலே ஒரே பாடம் கேட்டுத் திரும்புவோருக்குத் தாகம் மட்டும் இரண்டு வகையாம்! அந்தப் பானையை எதிர்த்து எழுந்த குமுறலிலிருந்துதான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. ஒரு பானைத் தண்ணீர் ஓர் இயக்கத்தை ஈன்றது, தோழர்களே!

அன்று பானையைப் பிரித்தது சாதி. இன்று? தனியார் பல்கலைக்கழக விடுதிக்குச் சென்று பாருங்கள். ஏ.சி. அறை ஒரு கட்டிடம், ஏ.சி. இல்லாத அறை வேறொரு கட்டிடம். ஸ்பெஷல் மெஸ் ஒரு பக்கம். சாதா மெஸ் மறு பக்கம். யார் எந்தத் தட்டிலே உண்பது என்பதை இன்று பணம் முடிவு செய்கிறது. இந்த நாட்டிலே பணம் யாரிடம் சேர்ந்திருக்கிறது, யாரிடம் சேரவில்லை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? பழைய பானையே புதிய வண்ணம் பூசி வந்து நிற்கிறது!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். "கல்லூரியை முடிக்காதவனுக்குக் கல்லூரியைப் பற்றிப் பேச என்ன தகுதி?" என்று மாற்று முகாமிலே ஒரு நண்பர் மேடையில் கேட்டார். பொருத்தமான கேள்வி. ஏன் முடிக்கவில்லை என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

2010ஆம் ஆண்டு. தனியார் நிறுவனம் ஒன்றிலே இரண்டாம் ஆண்டு மாணவன் நான். பொங்கலுக்குப் பத்து நாள் விடுமுறை, விடுதியைப் பூட்டிவிட்டார்கள், நாங்கள் ஊருக்குச் சென்றோம். திரும்பி வந்ததும் அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்து மெஸ் கணக்கு! பூட்டிய கூடத்திலே எரியாத அடுப்பிலே வேகாத சோற்றுக்கு விலை! நாற்பது பேர் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதினோம். எழுத்து என்னுடையது. அன்றே என் எழுத்துக்கு ஒரு விமரிசகர் கிடைத்தார். விடுதி மேலாளர் என்னை அழைத்தார்.

"தம்பி, இங்கே படிக்க வந்தாயா, கணக்குப் பார்க்க வந்தாயா?"

"உண்ணாத நாளுக்குப் பணம் கேட்கிறீர்களே, சார்."

"உண்ணாதது உன் விருப்பம். கட்டுவது எங்கள் விதி."

"அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது, சார்?"

"எழுதித்தான் காட்ட வேண்டுமா? சாவியை வைத்துவிட்டுப் போ."

அவ்வளவுதான் உரையாடல். பின்னாளில் எத்தனையோ நாடகங்களுக்கு வசனம் எழுதினேன். வில்லனுக்கு இதைவிடச் சுருக்கமான வசனத்தை என்னால் எழுத முடிந்ததில்லை. சாவியை வைத்துவிட்டு வந்தேன். 'நிலுவை ஏதுமில்லை' என்ற சீட்டு கிடைக்கவில்லை. சீட்டு இல்லாததால் ஹால் டிக்கெட் கிடைக்கவில்லை. ஹால் டிக்கெட் இல்லாததால் தேர்வு இல்லை. நாற்பது கையெழுத்தில் முப்பத்தொன்பது பேர் மன்னிப்புக் கடிதம் தந்தார்கள். அவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கடன் பத்திரம் காத்துக்கொண்டிருந்தது. என் தகப்பனார் பேருந்தேறி வந்து அந்த அலுவலகத்தின் முன் மூன்று மணி நேரம் நின்றார். உட்காரச் சொல்ல ஆளில்லை. பள்ளிச் சான்றிதழ்கள் கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் படிப்பிலே தோற்கவில்லை, நண்பரே! பத்து நாள் சோற்றுக் கணக்கிலே தோற்றேன்.

என் கதை தனிக் கதையாக இருந்திருந்தால் அதை இங்கே எழுதியிருக்க மாட்டேன். ஆயிரம் வீடுகளில் இதே கதை, பெயர் மாறி, தொகை மாறி நடக்கிறது. நடக்க இடம் கொடுத்தது எது?

2002ஆம் ஆண்டு, டி.எம்.ஏ. பாய் வழக்கிலே உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி நிலையம் நடத்துவதும் ஒரு தொழிலாகக் கருதத்தக்க உரிமையே என்றது. நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது, நன்கொடை வசூல் கூடாது என்றும் சொன்னது. அதன் பின்னர் வந்த தீர்ப்புகளின் வழியே கட்டணக் குழுக்கள் ஏற்பட்டன. குழு எதைப் பார்க்கிறது? தொழிற்படிப்புகளின் கற்பிப்புக் கட்டணத்தை. விடுதியும் மெஸ்ஸும் பேருந்தும் பெரும்பாலும் வேறு கணக்கு. அவை 'விருப்பமுள்ளோர்க்கு' என்று ஒதுக்கி வைக்கப்படுகின்றன. முன்வாசலிலே கணக்கன் நிற்கிறான் என்று தெரிந்ததும் பணம் பின்வாசல் வழியே போகிறது!

விருப்பமாம், விருப்பம்! ஊரிலிருந்து நெடுந்தொலைவில், பொட்டல் காட்டின் நடுவே கட்டிடம். சுற்றிலும் வேறு வீடில்லை, வேறு கடையில்லை. பேருந்து அவர்களுடையது, மெஸ் அவர்கள் விட்ட குத்தகை, பலசரக்குக் கடை அவர்கள் உறவினருடையது, மருந்துச் சீட்டு எழுதுபவர் அவர்களிடம் சம்பளம் வாங்குபவர். வாயிற்காவலனிடம் அவுட்பாஸ் காட்டாமல் வெளியே ஓர் அடி வைக்க முடியாது. இதற்குள்ளே அடைபட்டவனிடம், "விருப்பமிருந்தால் உண், இல்லாவிடில் விடு" என்பது, கிணற்றுக்குள் விழுந்தவனிடம் "விருப்பமிருந்தால் கயிற்றைப் பிடி, விலை இவ்வளவு" என்பது போலல்லவா!

பல்கலைக்கழகம் சிறியதாகச் சிறியதாக இந்தப் பிடி இறுகும். பெரிய வளாகத்திலே பத்தாயிரம் மாணவரில் ஒருவன் மறைந்து நிற்கலாம். நான்கு விடுதிகளில் ஒன்று பிடிக்காவிட்டால் மற்றொன்றுக்கு மாறலாம். சிறிய வளாகத்திலே ஒரே விடுதி, ஒரே மெஸ், ஒரே வாயில், ஒரே முதலாளி. யார் முணுமுணுத்தான் என்பது மாலைக்குள் மேலிடத்துக்குத் தெரிந்துவிடும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகச் சட்டம் 100 ஏக்கர் நிலம் கேட்டது. அதை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 35 ஏக்கர், ஏனைய இடங்களில் 50 ஏக்கர் என்று குறைக்கத் திருத்த மசோதா ஒன்று 2025 அக்டோபரில் பேரவையில் நிறைவேறியது. இயங்கிவரும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாறவும் அது வழி வகுத்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்துக் குரல் எழுப்பவே, மறு ஆய்வுக்கென்று அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஏக்கரைப் பற்றி விவாதித்தோம், நல்லது. அந்த ஏக்கருக்குள்ளே வாழப்போகிறவன் வாய் திறக்கலாமா என்பதையும் விவாதித்திட வேண்டாமா? நிலத்தின் அளவைக் குறைக்கலாம், கூட்டலாம். உள்ளே இருப்பவனின் உரிமையின் அளவு எவ்வளவு என்று கேட்பதே நமது வேலை.

உரிமை கேட்டால் முதலில் எது பறிபோகும் என்பதற்குச் சிதம்பரம் சாட்சி. 1929ஆம் ஆண்டு அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழகத்தின் தனியார் கல்வி வரலாற்றில் மூத்த பெயர். நிதி நெருக்கடியில் சிக்கிய அதனை 2013ஆம் ஆண்டு சட்டமியற்றி மாநில அரசு ஏற்றது. நிர்வாகம் அரசுக்கு வந்தது; ஆனால் அங்குள்ள மருத்துவக் கல்லூரியிலே பழைய விலைப்பட்டியல் போகவில்லை! மற்ற அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர் ஆண்டுக்கு 13,610 ரூபாய் கட்ட, இங்கே 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். 2020 டிசம்பரில் மாணவர்கள் அறப்போர் தொடங்கினர். நோயாளிகளைக் கைவிடாமல், கல்லெறியாமல், வாரக்கணக்கில் அமர்ந்திருந்தனர். 2021 சனவரியிலே வந்த பதில் என்ன? கல்லூரி மூடப்படுகிறது, விடுதியைக் காலி செய்யுங்கள்! வாதத்துக்கு வாதம் இல்லை. கட்டிலின் மீது கை வைத்தார்கள். ஆனால் மாணவர்கள் கலையவில்லை. சில நாளிலேயே கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. பிப்ரவரியிலே கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கிற்று. விடுதியை விட்டுப் போ என்றபோது எல்லோரும் போயிருந்தால் இது நடந்திருக்குமா?

எதிர்த்தரப்பார் கூறுவதையும் எடுத்துப் பார்ப்போம், நமக்கு அச்சமில்லை.

"யார் உங்களை வரச் சொன்னது?" என்பது முதல் கேள்வி. அரசுக் கல்லூரி வாசலில் மதிப்பெண் பட்டியலோடு நின்று, இடம் தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிய தகப்பன் வந்தான். வயலை அடகு வைத்து, வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு வந்தான். இதற்குப் பெயர் விருப்பமெனில், பசித்தவன் விலை கேளாமல் வாங்குவதும் விருப்பமே!

"அரசு விடுதிகள் மட்டும் அழகாக இருக்கின்றனவா?" என்பது இரண்டாவது கேள்வி. இல்லை என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஒழுகும் கூரையும் உடைந்த கழிவறையும் பல இடங்களில் உண்டு. அதைக் கண்டும் காணாதிருக்க நமக்கும் உரிமையில்லை. ஆனால் அரசு விடுதியின் கூரை ஒழுகினால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். தணிக்கை அறிக்கையில் எழுதுவார்கள். அடுத்த தேர்தலில் மக்கள் பதில் சொல்வார்கள். தனியார் விடுதியின் கூரையைப் பற்றி எந்த அவையில் கேட்பது? அந்த முதலாளியை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

"மாணவனுக்கு அரசியல் எதற்கு? ஒழுக்கம் கெடும்" என்பது மூன்றாவது. லிங்டோ குழு மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை 2006ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஏற்றது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவர் பேரவைக்குத் தேர்தல் நடத்துவதே முறை. நியமன முறை இருக்கும் இடங்களும் 5 ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றது அக்குழு. அதன்படி 2011இலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை! ஒழுக்கம் பேசுவோர் இந்த ஒழுங்கை மட்டும் ஏன் மறந்தனர்? பதினெட்டு வயதானவன் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்க உதவலாம். தன் விடுதியின் மெஸ் செயலாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாதாம்! வேடிக்கையாக இல்லையா?

சட்டம் அடியோடு இல்லையென்று சொல்லமாட்டேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகளை வெளியிட்டது. கையேட்டில் வாக்களித்த வசதியைத் தராவிட்டால் அதுவும் புகாருக்குரியது என்கிறது அவ்விதி. நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள நிலையம் ஒவ்வொன்றும் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 சூலையில் உச்சநீதிமன்றமும் கட்டளையிட்டது. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் குறைதீர்ப்புக் குழுவை யார் அமைக்கிறார்கள்? பல்கலைக்கழகமே. அதில் மாணவன் ஒருவன் உண்டா? உண்டு, சிறப்பு அழைப்பாளனாக, அவர்களாகப் பார்த்து நியமித்த ஒருவன். மேல்முறையீடு கேட்கும் குறைகேள் அலுவலரை அமர்த்துவது யார்? அதுவும் பல்கலைக்கழகமே! குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதிக்கு நாற்காலி வாங்கிப் போடும் நீதிமன்றம்!

ஆகவே நாம் கேட்பது நான்கு.

முதலாவது: விடுதிக் கட்டணமும் மெஸ் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் கல்விக் கட்டணமே. கற்பிப்புக் கட்டணத்தைப் போலவே அவற்றையும் குழு நிர்ணயிக்க வேண்டும். இது நம் கற்பனையல்ல. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குக் கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாட்டிலே 2021இல் அறிவிக்கப்பட்டது. விடுதியில்லாமல் கல்வியில்லை என்று அரசின் கருவூலமே ஒப்புக்கொண்ட பிறகு, சட்டம் ஒப்புக்கொள்ளத் தயங்குவானேன்?

இரண்டாவது: மெஸ் கணக்கு மாதந்தோறும் சுவரிலே ஒட்டப்பட வேண்டும், அதைச் சரிபார்க்கும் குழுவை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது: குறைகேள் அலுவலரை அமர்த்தும் அதிகாரம் நிர்வாகத்திடமிருந்து எடுக்கப்பட வேண்டும்.

நான்காவது: புகார் கூறியவனின் அறைச் சாவியையும் ஹால் டிக்கெட்டையும் சான்றிதழையும் தொடுவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது. நம் கிளை ஒவ்வொன்றின் எல்லையிலும் ஒரு தனியார் வளைவு நிற்கிறது. அதன் உள்ளே இருப்பவன் நம் ஊர்ப் பிள்ளை. அல்லது யாரோ ஓர் ஊரின் பிள்ளை. சான்றிதழைத் திருப்பித் தர மறுத்தால் எந்த விதிப்படி புகார் எழுதுவது என்று தெரிந்த ஒருவர் படிப்பகந்தோறும் இருக்க வேண்டும். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். நிர்வாக அலுவலகத்தின் முன் தனியாக நிற்கும் தகப்பனோடு நம்மில் இருவர் சென்று நில்லுங்கள். முழக்கம் வேண்டாம், கொடி வேண்டாம். உடன் நின்றால் போதும். என் தகப்பனாரோடு அன்று யாரும் இல்லை.

நூறாண்டுக்கு முன் நடேசனார் ஒரு விடுதியைத் திறந்தார். சாவியை மாணவர் கையிலே தந்தார். இன்று ஆயிரம் விடுதிகள் திறந்திருக்கின்றன; சாவி வேறு யார் கையிலோ! அதைத் திரும்ப வாங்கித் தருவதே நம் பணி. எழுக, தோழர்களே!